ஆய்வுத் தலைப்பும் ஒரு வேற்றுமை உருபும்

நம்மவர் நடத்தும் சஞ்சிகைகளையும் மாநாட்டு மலர்களையும் எடுத்து, அவற்றிலுள்ள ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். இன்னாரின் தமிழ்த் தொண்டு, இன்ன ஊர் முஸ்லிம்களின் இலக்கியப் பணி, தமிழ் வளர்ச்சிக்கு இன்னாரின் பங்களிப்பு என்று பட்டியல் நீளும். ஆளின் பெயர் மாறும், ஊரின் பெயர் மாறும், வாய்பாடு மாறாது. பலவற்றின் இறுதியில் ‘ஓர் ஆய்வு’ என்றோ ‘ஒரு நோக்கு’ என்றோ ஒரு வால் தொங்கும். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் ‘ஓர் ஆய்வு’ என்று எழுதுவது, சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் ‘இங்கே சாப்பிடலாம்’ என்று எழுதுவதற்கு ஒப்பானது.

இதைத் தலைப்பிடும் திறமைக் குறைவு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. தலைப்பு சோர்ந்து கிடந்தால் அதன் பின்னேயுள்ள வினா சோர்ந்து கிடக்கிறது, அல்லது வினாவே இல்லை என்பது என் கருத்து. ஆய்வுப் பொருளைத் தெரிவதும் தலைப்பிடுவதும் ஒரே செயலின் இரு முனைகள். எதைக் கேட்கிறோம் என்று நமக்கே தெளிவாகாதபோதுதான் ‘தொண்டு’, ‘பணி’, ‘பங்களிப்பு’ ஆகிய அகன்ற சொற்களின் நிழலில் ஒதுங்குகிறோம்.

இந்த விடயத்தைக் கோப்பாயை முன்வைத்துப் பேச விரும்புகிறேன். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியில் சில மைல் தொலைவிலுள்ள இவ்வூரில் ஆசிரிய கலாசாலையும் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் உள்ளன. இத்தகைய நிறுவனங்களில் பயிலும் ஆசிரிய மாணவர்கள் தம் பயிற்சியின் ஒரு பகுதியாகச் செயல்நிலை ஆய்வு செய்ய வேண்டியவர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகாத தமிழ்பேசும் ஆசிரியர் பலருக்கு, வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் ஆய்வுப் பொருளைத் தெரிந்து அதற்குத் தலைப்பிட வேண்டிய கட்டாயம் வருவது இங்கேதான். சிலருக்கு அதுவே கடைசி வாய்ப்பும் ஆகிவிடுகிறது. இது முதற் காரணம். இரண்டாவது காரணம் பழையது: தமிழ் இலக்கிய வரலாற்றைத் தமிழிலேயே உரைநடையில் எழுத முயன்ற முன்னோடி நூல்களுள் ஒன்றான ‘திராவிடப் பிரகாசிகை’யை 1899 இல் தந்த சபாபதி நாவலர் கோப்பாயைச் சேர்ந்தவர். மூன்றாவது காரணம் கசப்பானது; அதனை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பாயிரம் தரும் பாடம்

ஆய்வு முறையியல் என்றதும் மேற்குலகப் பாடநூல்களைத் தேடி ஓடுகிறோம். நன்னூலின் பாயிரவியலை ஒருமுறை படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தியார். இயற்றியவர் யார், எந்த நூலின் வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எவ்வாறு யாக்கப்பட்டது, எதைப் பற்றியது, யார் கேட்பதற்கு உரியது, கேட்டவர் பெறும் பயன் யாது என்பவை அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று எனக் கொள்வாரும் உளர்.

இன்று பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஆய்வு முன்மொழிவில் இவற்றைக் காட்டிலும் புதிதாக என்ன இருக்கிறது? ‘வழி’ என்பது முன்னோர் செய்த ஆய்வுகளின் மீள்நோக்கு. ‘யாப்பு’ என்பது முறையியல். உரையாசிரியர்கள் ‘எல்லை’யை நூல் வழங்கும் நிலத்தின் எல்லையாகவே கொள்வர், நாம் அதை ஆய்வின் வரையறையாக விரித்துக்கொள்வதில் தவறில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: நூற்பெயர் தனித்து நிற்கவில்லை. எல்லை, பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. மற்றவை தெளிவாகாமல் பெயர் தெளிவாகாது.

நூலுக்குப் பெயர் எவ்வாறு அமையும் என்பதற்கும் நன்னூல் வழி சொல்கிறது. முதனூலால், செய்தவரால், செய்வித்தவரால், அளவால், மிகுதியால், பொருளால், தன்மையால், இடுகுறியால் என்று அது விரியும். நம் முன்னோர் இதனை நன்றாகவே அறிந்திருந்தனர். இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது எனக் கருதப்படுவது வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’, காலம் 1572. அளவும் பொருளும் இரண்டே சொற்களில் அடங்கிவிட்ட பெயர் அது. மஸ்அலா என்றால் வினா. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியவற்றுக்கு விடைகளாக அமைந்தது அந்நூல். வினாவைப் பெயரிலேயே தாங்கி எழுந்த ஓர் இலக்கிய மரபின் வாரிசுகள், வினாவே இல்லாத ஆய்வுகளைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

நான்காம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும்

‘பங்களிப்பு’ என்ற சொல் நம்மிடையே இவ்வளவு வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. மர்ஹூம் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்கள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்குச் செய்த ஆய்வு 1953 இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு என்பது அதன் தலைப்பின் பொருள். அந்நாளில் கைக்கெட்டிய தமிழ் இலக்கிய வரலாறுகளில் நம் புலவர்கள் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றனர். ‘உங்களுக்கும் தமிழில் இலக்கியம் உண்டா?’ என்ற கேள்வி, கேட்கப்பட்டோ கேட்கப்படாமலோ, சூழலில் இருந்தது. அந்தக் கேள்விக்கு அந்தத் தலைப்பு நேரான மறுமொழி. விடை ‘இல்லை’ என்று வந்திருக்கவும் கூடும் என்ற நிலையில், ஏடுகளையும் அச்சுப் பிரதிகளையும் தேடித் திரட்டி ‘உண்டு’ என்று நிறுவினார் அவர். ஆகவே 1953 இல் அது உயிருள்ள தலைப்பு.

அவரே பின்னர் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளைப் பாருங்கள். 1976 இல் நூலான அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘தமிழ் இலக்கியத்தில் முஸ்லிம் காப்பியங்கள்’ என்றாகும். முதல் தலைப்பில் ‘இலக்கியத்துக்கு’, இரண்டாவதில் ‘இலக்கியத்தில்’. இடையில் ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள். உருபு ஒன்று மாறியிருக்கிறது.

கொடைப் பொருளில் வருவது நான்காம் வேற்றுமை. ‘தமிழுக்குப் பங்களிப்பு’ என்றால், தமிழ் என்னும் வீடு ஒருவருடையது. நாம் வெளியிலிருந்து சீர்வரிசை கொண்டு வந்தவர்கள். எவ்வளவு கொண்டு வந்தோம் என்று கணக்குக் காட்டுவதே பின் ஆய்வின் வேலையாகிவிடுகிறது. ஏழாம் வேற்றுமை இடத்தைச் சொல்கிறது. ‘தமிழில்’ என்றால் நாம் வீட்டினுள்ளே இருப்பவர்கள். உள்ளே இருப்பவரிடம் எவ்வளவு கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எப்படி வாழ்கிறாய் என்றுதான் கேட்பார்கள். காப்பிய மரபை முஸ்லிம் புலவர் எவ்வாறு கையாண்டனர், எதை ஏற்றனர், எதை விலக்கினர் என்ற வினாக்கள் அப்போதுதான் பிறக்கின்றன. உவைஸ் அவர்கள் பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து ஆறு தொகுதிகளாகத் தந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு, அந்த உள்வீட்டுக் கணக்கின் விரிவே. ஆசான் கடந்து போன இடத்திலேயே அவரைப் பின்பற்றியவர் பலர் நின்றுவிட்டனர்.

ஓர் உருபு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் தம் நூலுக்கு ‘இலங்கையில் இஸ்லாம்’ என்று பெயரிட்டார். ‘இலங்கை முஸ்லிம்கள்’ என்று வைத்திருந்தால் அது ஒரு சமூகத்தின் கதையாகியிருக்கும். ‘இலங்கையில் இஸ்லாம்’ என்பது ஒரு மார்க்கம் ஒரு மண்ணில் கொண்ட வடிவத்தைப் பற்றிய வினா. பேராசிரியர் கா. சிவத்தம்பியின் 1988 ஆம் ஆண்டு நூல் ‘தமிழில் இலக்கிய வரலாறு’. அவசரமாக வாசிப்போர் அதனைத் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ என்று படித்துவிடுவதுண்டு. அவர் எழுதியதோ இலக்கியத்தின் வரலாற்றை அன்று. தமிழில் இலக்கிய வரலாறு என்ற ஒன்று எவ்வாறு எழுதப்பட்டு வந்தது என்பதன் வரலாற்றை. அந்த ‘இல்’லை எடுத்துவிட்டால் நூலே வேறாகிவிடும்.

பேராசிரியர் க. கைலாசபதியின் 1968 ஆம் ஆண்டு ஆங்கில நூலின் தலைப்பு மூன்றே சொற்கள். தமிழ் வீரநிலைக் கவிதை என்று பொருள்படும். அதில் ‘வீரநிலை’ என்ற ஒரு சொல்தான் ஆய்வு முழுவதும். சங்கப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய பிற வீரயுகக் கவிதைகளோடு வைத்துப் பார்க்கலாம் என்ற வாதம் அச்சொல்லுக்குள் உள்ளது. அதை ஏற்காதவர் தலைப்பைக் கண்டவுடனேயே மறுக்கத் தொடங்கலாம். மறுக்க இடம் கொடுப்பதே நல்ல தலைப்பின் இலக்கணம்.

கோப்பாய் நாவலரின் பிரகாசிகை

இனிக் கோப்பாய்க்கு வருவோம். ‘திராவிடப் பிரகாசிகை என்னும் தமிழ் வரலாறு’ என்பது சபாபதி நாவலர் தம் நூலுக்கு இட்ட பெயர். பிரகாசிகை என்றால் விளக்குவது, ஒளி தருவது. நூலின் இயல்களோ தொன்மை மரபியல், இலக்கண மரபியல், இலக்கிய மரபியல், சாத்திர மரபியல், ஒழிபியல் என்று அமைந்துள்ளன. தலைப்பு ‘வரலாறு’ என்கிறது. உட்தலைப்புகள் ‘மரபு’ என்கின்றன. இந்த இரு சொற்களுக்கும் இடையிலுள்ள இழுபறியே அந்நூல் என்று நான் கருதுகிறேன். நாவலர் சைவ சித்தாந்தச் சார்பில் உறுதியாக நின்றவர். தம் காலத்தவர் சிலர் தமிழ் நூல்களின் காலத்தையும் சமயத்தையும் பற்றிக் கூறியவற்றை மறுத்து, மரபை நிலைநாட்டவே அவர் எழுதினார். வரலாறு என்பது மாற்றத்தைச் சொல்வது. மரபு என்பது மாறாததைச் சொல்வது. ‘தமிழ் வரலாறு’ என்ற அகன்ற பெயரின் கீழ் ஒரு குறித்த மரபு தன்னையே தமிழாக நிறுத்திக்கொண்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1899 இல் ஒரு கேள்விக்கு முகங்கொடுத்து எழுதிய நூல் அது. அதன் வேகம் இன்றும் தெரிகிறது. நமக்குப் பாடம் வேறு. தலைப்பு எல்லையைச் சொல்லாதபோது, ஆசிரியரின் சார்பே சத்தமில்லாமல் எல்லையாகிவிடுகிறது. ‘தமிழ் வரலாறு’ என்ற தலைப்பில் எது உள்ளே, எது வெளியே என்பதை வாசகர் தாமே கண்டுபிடிக்க வேண்டியுள்ளது.

எழுபதாம் ஆண்டுகளின் இறுதியில் இதற்கு மாறான ஒரு தலைப்பு வந்தது. சித்திரலேகா மௌனகுரு, மௌனகுரு, எம்.ஏ. நுஃமான் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ 1979 இல் வெளியாயிற்று. காலம், களம், மொழி என்று மூன்று வேலிகள் தலைப்பிலேயே உள்ளன. மதத்துக்கு வேலி இல்லை. எழுதிய மூவரில் ஒருவர் முஸ்லிம் என்பதும், நூல் ‘பங்களிப்பு’ என்ற சொல்லைத் தலைப்பில் வேண்டி நிற்கவில்லை என்பதும் சேர்த்து நோக்கத்தக்கவை. இத்தகைய பொதுத் தலைப்புகளில் நம் தனித்தன்மை கரைந்துபோகாதா என்று கேட்போர் இருக்கிறார்கள். நியாயமான அச்சம். அதற்கு மருந்து, தனித்தன்மையைப் பற்றித் தெளிவான வினா கேட்பது. ‘தொண்டு’ப் பட்டியலை நீட்டுவது அன்று.

புதிய அச்சுகள்

‘இல்’ உருபைப் போட்டுவிட்டால் ஆய்வு பிழைத்துவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். இன்னார் கவிதைகளில் சமுதாயச் சிந்தனைகள், இன்னார் சிறுகதைகளில் பெண்ணியம், இன்ன நாவலில் மனிதநேயம் என்ற தலைப்புகள் இன்று பல்கிவிட்டன. இவையும் அச்சுகளே. இவற்றைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. தலைப்பை வினாவாக மாற்றுங்கள்: இன்னார் கவிதைகளில் சமுதாயச் சிந்தனைகள் உள்ளனவா? ‘இல்லை’ என்ற விடையோடு எவரேனும் ஆய்வேடு சமர்ப்பிப்பாரா? மாட்டார். ‘இல்லை’ என்று விடை வரவே முடியாத கேள்விக்கு ‘ஆம்’ என்று இருநூறு பக்கம் எழுதுவதை ஆய்வு என்று எப்படிச் சொல்வது?

இன்னோர் அச்சு ‘முதல்’. முதல் நாவல், முதல் பத்திரிகை, முதல் பெண் எழுத்தாளர். சித்திலெவ்வை மரைக்காரின் ‘அஸன்பேயுடைய கதை’ 1885 இல் வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அந்த உரிமையை நிறுவியபின் நூலை மூடி வைத்துவிட்டோமே, அதுதான் பிழை. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த ஒருவர், தம் கதையை எகிப்திலும் இந்தியாவிலும் ஏன் நடத்தினார்? 1883 இல் ஆங்கிலேயர் எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவை இலங்கைக்கு நாடுகடத்தி அனுப்பினர். அவரோடு சித்திலெவ்வைக்குத் தொடர்பிருந்தது. இரண்டே ஆண்டில் இக்கதை வருகிறது. ‘அஸன்பேயுடைய கதையில் எகிப்து: ஒறாபி பாஷாவின் வருகையும் ஒரு நாவலின் களமும்’ என்று ஒருவர் தலைப்பிட்டால், இரண்டுக்கும் தொடர்பு உண்டென்றோ இல்லையென்றோ நிறுவ அவர் உழைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பை நாமும் ஆவலோடு படிப்போம்.

தகவல் திரட்டுவதே நோக்கமானால் அதனை நேர்மையாகச் சொல்லிவிடலாம். மர்ஹூம் பீ.எம். புன்னியாமீன் அவர்கள் எழுத்தாளர், ஊடகவியலாளர், கலைஞர் பற்றிய குறிப்புகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டபோது ‘விபரத்திரட்டு’ என்றே பெயரிட்டார். அது தன்னை ஆய்வு என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆய்வாளர் எல்லோருக்கும் பயன்பட்டது. திரட்டைத் திரட்டு என்று அழைக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

இலக்கணத்தில் மறையும் எழுவாய்

மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். கோப்பாய்க்கு அண்மையிலுள்ள யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் அவ்வாறு துரத்தப்பட்டனர் என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர்.

இந்நிகழ்வைப் பற்றி ஆய்வு செய்பவர் தலைப்பில் எந்த வினையைப் பயன்படுத்துவார்? ‘வடபுல முஸ்லிம்களின் இடப்பெயர்வு’ என்றால் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடம்பெயர்ந்தவர் போலாகிவிடும். ‘வெளியேறிய முஸ்லிம்கள்’ என்பது தன்வினை. தாமாகப் போனார்கள் என்கிறது. ‘வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள்’ என்பது செயப்பாட்டுவினை. துன்பத்தைச் சொல்கிறது, செய்தவரைச் சொல்லவில்லை. ‘வெளியேற்றம்’ என்ற தொழிற்பெயரிலும் எழுவாய் மறைந்தே நிற்கிறது. 2011 இல் அறிக்கை வெளியிட்ட குடிமக்கள் ஆணைக்குழுவோ யார், எப்போது, எங்கிருந்து வெளியேற்றினர் என்பதையெல்லாம் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. பெயர் நீண்டது, ஆனால் எதையும் மறைக்கவில்லை. மர்ஹூம் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் அவர்களின் 2001 ஆம் ஆண்டு ஆங்கில நூல், இலங்கை இன முரண்பாட்டில் மறக்கப்பட்ட மக்கள் என்று முஸ்லிம் அகதிகளைத் தலைப்பிலேயே சுட்டியது. ‘மறக்கப்பட்ட’ என்ற அச்சொல் ஒரு குற்றச்சாட்டு. மறந்தவர் யார் என்று கேட்காமல் அந்நூலைத் திறக்க முடியாது. அவரவர் தம் நிலைப்பாட்டுக்கேற்ற சொல்லைத் தெரிந்துகொள்ளலாம். தெரியாமலே ஒரு நிலைப்பாட்டில் போய் விழுந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாண முஸ்லிம்கள் என்றாலே 1990 என்று தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். அதற்கு முன்பிருந்த வாழ்வும் ஆய்வுப் பொருள்தான். அசனாலெப்பைப் புலவர் வாழ்ந்த ஊர் அது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஒன்பது ஆண்டுகளில் முஸ்லிம் வீடுகளும் வெறுமையாயின. ஏடுகளும் அச்சுப் பிரதிகளும் போனபின் எஞ்சியிருப்பது மூத்தோரின் நினைவு. 1990 இல் நாற்பது வயதிருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ‘யாழ்ப்பாண முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு: ஓர் ஆய்வு’ என்ற தலைப்போடு புறப்படுபவர், அச்சில் உள்ளவற்றையே மீண்டும் அடுக்கிவிட்டு வருவார். ‘1990 க்கு முன் யாழ்ப்பாணச் சோனகதெரு வீடுகளில் பாடப்பட்ட முனாஜாத்துகளும் தாலாட்டுகளும்: புத்தளத்தில் வாழும் மூத்தோரின் நினைவிலிருந்து’ என்று புறப்படுபவரோ ஒலிப்பதிவுக் கருவியோடு பஸ் ஏற வேண்டியிருக்கும். கிடைத்தவை நான்கே பாடல்கள் ஆனாலும் அது ஆய்வு. இதைத் தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.

கோப்பாயில் பயிலும் தமிழ் ஆசிரிய மாணவர் ஒருவர் இதே பொருளை மறுமுனையிலிருந்து எடுக்கலாம். நகரத்து முஸ்லிம்களின் தையல் கடைகளோடும் இரும்புக் கடைகளோடும் கோப்பாய்க் குடும்பங்களுக்கு இருந்த தொடர்பை ஊர்ப் பெரியவர்கள் எவ்வாறு நினைவுகூர்கின்றனர்? சைக்கிளில் சுற்றியே செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. விடை இனிமையாக இல்லாமலும் போகலாம். அதனால்தான் அதைக் கேட்க வேண்டும்.

வகுப்பறைக்குள்

செயல்நிலை ஆய்வு என்பது ஆசிரியர் தம் வகுப்பின் குறையொன்றைக் கண்டு, ஒரு மாற்றத்தைச் செய்து, விளைவைப் பார்ப்பது. அதற்கும் ‘மாணவரின் மொழித்திறனை மேம்படுத்தல்’ என்று வானளாவத் தலைப்பிடுகிறோம். மூன்று மாதத்தில் ஒரு வகுப்பின் மொழித்திறன் முழுவதையும் யார் மேம்படுத்துவது? ‘தரம் 4 மாணவரின் எழுத்தில் ர, ற மயக்கம்: சொல்லட்டை விளையாட்டால் ஆறு வாரங்களில் ஏற்படும் மாற்றம்’ என்றால், வகுப்பு, குறை, வழி, காலம் நான்கும் தெளிவு. ஆறு வாரத்தில் மாற்றம் எதுவும் வரவில்லை என்பதும் மதிப்புள்ள முடிவே.

முஸ்லிம் ஆசிரிய மாணவருக்கு இன்னும் அண்மையில் ஒரு பொருள் இருக்கிறது. வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா என்று பேசும் பிள்ளை, தான் எழுதும் கட்டுரையில் அப்பா, அம்மா, அக்கா, அண்ணா என்று எழுதுகிறது. சொற்களை மாற்றச் சொன்னது யார்? ஆசிரியரா, பாடநூலா, பிள்ளையே செய்துகொண்ட முடிவா? ‘வாப்பாவும் அப்பாவும்: தரம் 5 முஸ்லிம் மாணவரின் கட்டுரைகளில் உறவுச் சொற்கள்’ என்ற தலைப்பில் முப்பது கொப்பிகளை வாசித்தாலே, நம் மொழி வாழ்வைப் பற்றி ஒரு மாநாட்டு மலர் சொல்லாததைச் சொல்லிவிடலாம்.

சில நடைமுறைக் குறிப்புகளையும் சேர்த்துச் சொல்வது பயன்தரும். முதலில் உங்கள் வினாவை, வினாக்குறியோடு, ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதற்கு ‘இல்லை’ என்ற விடையும் வரக்கூடுமா என்று பாருங்கள். அதை முன்னர் யார் கேட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாக உள்ளன. உங்கள் நேரத்துக்கும் பஸ் காசுக்கும் எட்டும் மூலங்களையே நம்புங்கள். அதன்பின் ஆண்டு, இடம், நூல் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டையேனும் தலைப்பில் வேலியாக நடுங்கள். ‘இஸ்லாமிய’ என்பதா ‘முஸ்லிம்’ என்பதா என்று முடிவு செய்யுங்கள். முன்னது சமயப் பொருளையும் பின்னது எழுதியவரையும் சுட்டுவது. அஸீஸ், அசீஸ் என்றும் அறபு, அரபு என்றும் நாம் பலவாறு எழுதுவதால் நம் ஆய்வுகளை நாமே தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது. எனவே ஆய்வுக்குரியவர் தம் நூலின் முகப்பில் தம் பெயரை எவ்வாறு எழுதினாரோ அவ்வாறே தலைப்பிலும் எழுதுங்கள். அலங்காரச் சொல்லை முன்னே வைத்துப் பொருளைப் பின்னே தள்ளாதீர்கள். ஆய்வை முடித்தபின் தலைப்பை மறுபடி படியுங்கள். கண்டறிந்தது வேறாகியிருந்தால், அனுமதி பெற்றேனும் மாற்றுங்கள்.

நம் சஞ்சிகை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘தொண்டு’ என்று முடியும் கட்டுரை ஒன்று மேசைக்கு வந்தால், அதனை நிராகரிக்க வேண்டாம். எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்: ‘இதில் நீங்கள் அறிய விரும்பியது என்ன?’ அதற்கு அவர் எழுதி அனுப்பும் வாக்கியத்தில்தான் பெரும்பாலும் உண்மையான தலைப்பு இருக்கும்.